பத்தடி வழி

என் அப்பாவைப் பற்றி, மகள் என்ற முறையில், அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். கேட்டது எங்கள் சந்தின் துர்கா பூஜைக் கமிட்டிக்காரர்கள். ஜனவரி இருபத்தாறாம் தேதி கொடியேற்றி முடித்ததும் அப்பாவுக்குச் சால்வை போர்த்தப் போகிறார்களாம். அப்போது மைக்கில் வாசிக்க அவருடைய வாழ்க்கைக் குறிப்பு வேண்டுமாம். என்னென்ன வர வேண்டும் என்று கமிட்டித் தலைவர் தீபங்கர் பாபு வாட்ஸாப்பில் அனுப்பியும் வைத்தார்: குடும்பப் பற்று, ராணுவ சேவை, வட்டாரத் தலைமை. என் அம்மா எப்படிச் செத்தாள் என்பது அதில் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் எறிந்திருப்பேன். ஆபீஸ் போன் என்பதால் பிழைத்தது.

இது அரைப் பக்கத்தில் அடங்குகிற விஷயம் இல்லை. அதனால் முழுசாகவே சொல்கிறேன். மைக்கில் வாசிக்கிற தைரியம் யாருக்காவது இருந்தால் வாசித்துக்கொள்ளட்டும்.

அப்பா பெயர் முத்துகிருஷ்ணன். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். பாலம் போடுவது, மலையில் பாதை வெட்டுவது, பதுங்குகுழி கட்டுவது என்று இருபத்தெட்டு வருஷம். காஷ்மீர், சிக்கிம், ராஜஸ்தான் எல்லாம் சுற்றி, கடைசி மூன்று வருஷம் இங்கே கல்கத்தாவில் வில்லியம் கோட்டையில் இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்றார். எங்கள் சந்தில் இன்றைக்கும் எல்லோருக்கும் அவர் சுபேதார் பாபுதான். அவருடைய பெயரை முழுசாகச் சொல்லத் தெரிந்தவர்கள் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள்.

அம்மா ராஜம் பிறந்ததே கல்கத்தாவில். தாத்தா திருநெல்வேலியிலிருந்து கிடர்பூர் துறைமுகத்துக்குக் குமாஸ்தாவாக வந்து, லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு முட்டுச் சந்தில் வீடு வாங்கியவர். அம்மா பள்ளியில் படித்தது வங்காளி. தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் சண்டை போடுவது மட்டும் சுத்தத் திருநெல்வேலித் தமிழில். கல்யாணமாகி இருபது வருஷம் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது வருஷத்துக்கு இரண்டு மாத லீவில்தான். மற்ற பத்து மாதமும் கடிதம்.

ஓய்வு பெற்றதும் கோவில்பட்டியில் வீடு கட்டிக் குடியேறுவதாகத் திட்டம். கடைக்கால் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்துத் தாத்தாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. என் மாமாக்கள் இரண்டு பேர். ஒருவர் பெங்களூரு, ஒருவர் அமெரிக்கா. இருவரும் வந்தார்கள், கட்டிப் பிடித்து அழுதார்கள், யாருக்கு லீவு கிடைக்கும் என்று ஹாலில் உட்கார்ந்து விவாதித்தார்கள், நாலாம் நாள் விமானம் ஏறினார்கள். அப்பா இரண்டே வார்த்தைதான் சொன்னார். "நான் பாத்துக்கிடுதேன்." ஒன்பது வருஷம் பார்த்தார். மலம் எடுத்தார், குளிப்பாட்டினார், ஒரு நாள் விடாமல் முகச்சவரம் செய்துவிட்டார். கோவில்பட்டிச் சொந்தக்காரர்கள் வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி செய்தார்கள். தாத்தா போனதும் மாமாக்கள் வந்து, மச்சான் எங்களுக்குத் தெய்வம் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அப்பாவுக்கு ஒன்றும் எரியவில்லை. டியூட்டி என்றார், அவ்வளவுதான். கோவில்பட்டிக் கடைக்காலில் இப்போது கருவேலம் வளர்ந்து நிற்கிறது.

பிறகு அம்மாவுக்கு இதயத்தில் வால்வு கோளாறு. ஆபரேஷன் ஆன பத்து வருஷமாக அவளுடைய மாத்திரைகள் அப்பாவின் பொறுப்பு. காலை எட்டுக்கு ஒன்று என்றால் எட்டுக்குத் தண்ணீர் டம்ளரோடு முன்னால் நிற்பார். அம்மா பரேடு தொடங்கியாச்சு என்பாள்.

வீட்டைப் பார்த்ததோடு நின்றாரா? எங்கள் சந்தில் அரை மணி நேரம் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஐம்பது வருஷமாக எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அப்பா ஒரு கோடையில் கால்வாய் மூடிகளைத் தானே கம்பியால் நெம்பித் திறந்து, எங்கெங்கே அடைப்பு என்று வரைபடம் போட்டு, மாநகராட்சி அலுவலகத்தில் பதினேழு தடவை போய் உட்கார்ந்தார். அடுத்த மழைக்குத் தண்ணீர் வடிந்தது. டெங்கு வந்த வருஷம் வீடு வீடாக மொட்டை மாடி ஏறிப் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்தார். திட்டாதவர்கள் இல்லை. ஆனால் அந்த வருஷம் எங்கள் சந்தில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. அப்புறம் வேறு வழியில்லாமல் குடியிருப்போர் கமிட்டிக்கும் பூஜைக் கமிட்டிக்கும் அவரையே செயலாளர் ஆக்கினார்கள்.

பூஜைதான் இங்கே விஷயம். எங்கள் சந்துக்கு ஒரே ஒரு வாய். உள்ளே நாற்பத்திரண்டு வீடு, கடைசியில் சுவர். துர்கா பூஜைப் பந்தல் போடுகிற கிளப் மனை சந்தின் வாயிலேயே இருக்கிறது. பந்தல் மனைக்குள் அடங்குமா? வருஷா வருஷம் தெருவுக்கு வழிந்து வரும். ஒரு வருஷம் நவமியன்று சென் வீட்டு மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்து, ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல், மீன் கொண்டு வருகிற தள்ளுவண்டியில் அவளைப் படுக்க வைத்து மெயின் ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது புண்ணியம். அடுத்த வருஷம் செயலாளரான அப்பா கூட்டத்துக்கு ஒரு பத்தடி மூங்கிலோடு வந்தார். பந்தல் சட்டம் கட்டி முடிந்ததும் அந்த மூங்கிலைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு சந்தின் வாயிலிருந்து எங்கள் வாசல் வரை நடப்பார். எங்கே இடிக்கிறதோ அதைப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்த பிறகுதான், ஆம்புலன்சுக்குப் பத்தடி வழி விட்டிருக்கிறோம் என்று போலீசுக்குத் தருகிற உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவார். பதினோரு வருஷம் இது தவறவில்லை.

அந்தப் பதினோரு வருஷமும் எங்கள் பந்தலுக்கு ஒரு பரிசுகூட வந்ததில்லை. பக்கத்துச் சந்துக்காரர்கள் தெருவை மறித்து அரண்மனை கட்டிப் பரிசு வாங்குவார்கள். எங்கள் ஆட்கள் மூங்கிலைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். தீபங்கர் பாபு கெட்டிக்காரர். போன வருஷம் அவர் ஒரு யோசனை செய்தார். பந்தலின் கருப்பொருள் 'ஜவான்'. வாசலில் ஒரு பதுங்குகுழி. உள்ளே சுபேதார் பாபுவின் இருபது வயதுப் புகைப்படம், பதினாறு அடி உயரத்தில். ஒருத்தருக்கும் மசியாத மனுஷன் அதில் கவிழ்ந்துவிட்டார். அம்மா எனக்குப் போன் செய்து, "உங்கப்பா கண்ணாடி முன்னாடி சல்யூட் அடிச்சுப் பாக்காரு, நீ வந்து என்னன்னு கேளு" என்று சிரித்தாள்.

நான் நகரத்தின் மறுகோடியில், சால்ட் லேக்கில் இருக்கிறேன். வேலையும் அங்கே, வீடும் அங்கே. பஞ்சமியன்று வந்து பார்த்தேன். நிஜப் பதுங்குகுழிதான். மணல் மூட்டைச் சுவர் நெஞ்சளவுக்கு எழும்பி, அடி அகன்று மேலே குறுகி, அத்தனை நேர்த்தி. அதன் முன்னால் அப்பாவையும் அம்மாவையும் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். வழி எவ்வளவு இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அப்பா இருக்கும்போது அதை இன்னொருவர் பார்ப்பார்களா?

அஷ்டமி காலை ஒன்பதரைக்கு துர்கைக்குப் புஷ்பாஞ்சலி. ஒலிபெருக்கியில் மந்திரம், கையில் பூவோடு சந்து நிறையக் கூட்டம். அம்மா புடவை மாற்றிக்கொண்டிருந்தவள் மூச்சுக்குத் திணறிக் கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பா ஆம்புலன்சுக்குச் சொன்னார். பன்னிரண்டு நிமிஷத்தில் வண்டி வந்துவிட்டது. பதுங்குகுழிக்கும் எதிர் வீட்டுச் சுவருக்கும் நடுவில் போய்விடலாம் என்று டிரைவர் நினைத்து நுழைத்தார். பாதியில் வண்டி இறுகிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஆட்கள் மூட்டைகளைப் பிடுங்கப் பார்த்தார்கள். மழையில் நனைந்து, ஒன்றோடொன்று பூட்டி அடுக்கிய மூட்டைகள் அசையவில்லை.

சந்துக்கு இருந்த ஒரே வாயை ஆம்புலன்ஸே அடைத்துக்கொண்டது. அப்பா அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மூன்று பேரோடு தூக்கிக்கொண்டு பந்தலுக்குள்ளேயே புகுந்து, அஞ்சலிக் கூட்டத்தைப் பிளந்து, தன்னுடைய பதினாறடிப் படத்துக்குக் கீழே கடந்து மெயின் ரோட்டுக்குப் போனார். வெளியூரிலிருந்து பந்தல் பார்க்க வந்த சிலர், இதுவும் ஜவான் காட்சியில் ஒன்று என்று நினைத்துப் போனில் படம் எடுத்தார்களாம். டாக்சி கிடைக்கும்போது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலை அடையும்போது அம்மா உயிரோடு இல்லை. நான் ஈ.எம். பைபாஸ் நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நவமியன்று பந்தலுக்குப் பரிசு அறிவித்தார்கள். மூன்றாம் இடம். போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வாங்கி வந்தவர்களே சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வெள்ளைப் பூவோடு வந்து, மாஷிமாவின் விதி என்றார்கள். சந்தில் அம்மாவை அப்படித்தான், சித்தி என்று, கூப்பிடுவார்கள். கதவைச் சாத்தியது நான்தான்.

எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அப்பா அளக்காமல் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். அவர் அளந்துவிட்டுப் போனதும், முதுகுக்குப் பின்னால் பரிசு ஆசையில் சுவரை வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். போலீசில் புகார் கொடுங்கள் என்று அப்பாவிடம் மூன்று மாதம் மன்றாடினேன், கத்தினேன், ஒரு தடவை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. ஊருக்காகக் கால்வாய் அடைப்பை எடுத்த மனுஷன், பெண்டாட்டிக்காக ஒரு காகிதம் எழுத மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு அவர் மேலேயே வெறுப்பு வந்தது. கமிட்டியைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன்.

இந்த லட்சணத்தில்தான் சால்வை. அரைப் பக்கம். போனைக் கீழே வைத்த கையோடு, நானே புகார் கொடுப்பது என்று தீர்மானித்தேன். சாட்சிக்குப் பந்தலின் வரைபடம் வேண்டும். பந்தலை வடிவமைத்த தாபஸ் என்பவரின் பட்டறை பெஹாலாவில் இருக்கிறது. நேரே போய், வரைபடத்தை எடு, யார் சொல்லி வெளியே தள்ளினாய் என்று கேட்டேன். வங்காளியில் எனக்குக் கோபம் இன்னும் நன்றாக வரும்.

அவர் வரைபடத்தை விரித்தார். அதில் மணல் மூட்டையே இல்லை. பிளைவுட் பலகை, அதன் மேல் மூட்டை போலப் பெயின்ட். மூன்று அங்குல கனம். அதை நிறுத்திய அன்று அப்பா மூங்கிலோடு நடந்திருக்கிறார். பத்தடி சரியாக இருந்திருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்து அவரே பலகையைத் தட்டிப் பார்த்து, குண்டு வந்தால் இது நிற்குமா என்று கேட்டாராம். நாடகம்தானே சுபேதார் பாபு என்றாராம் தாபஸ். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். என் படத்தை வைத்துவிட்டு அட்டையில் பங்கர் கட்டுவாயா என்று பலகையைப் பிடுங்கிப் போடச் சொல்லி, லாரியில் மணல் வரவழைத்து, கோணி தைத்து, இரண்டு மூட்டை கனம், அடியில் இன்னும் அகலம் என்று நாலு நாள் தானே நின்று அடுக்கியிருக்கிறார். ஒவ்வொரு மூட்டையையும் கட்டையால் அடித்து இறுக்கியிருக்கிறார். மூன்றரை அடி வெளியே வந்தது. மறுபடியும் அவர் அளக்கவில்லை. கமிட்டியில் பார்த்த அத்தனை பேரும், பார்க்க அட்டகாசமாக இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"பலகையா இருந்திருந்தா ஒரு உதை விட்டா விழுந்திருக்கும் தீதி" என்றார் தாபஸ். வரைபடத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா முன்னறையில் தினசரி படித்துக்கொண்டிருந்தார். வரைபடத்தை அவர் மடியில் போட்டேன். கத்த வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். மூன்று மாதம் உங்களுக்காக ஊரையே திட்டினேனே, ஒரு நாள் சொல்லக்கூடாதா என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்கம்மா கேட்டா, சுப்பு. சுவர் முடிஞ்ச அன்னைக்கே கேட்டா. ஏங்க, வண்டி போகுமான்னு. போகும்னு சொன்னேன். போகாதுன்னு எனக்குத் தெரியும். அஞ்சு நாள்தானேன்னு நினைச்சேன்."

அம்மா கேட்டிருக்கிறாள். ஆபரேஷன் ஆன உடம்போடு வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

ஏன் புகார் கொடுக்கவில்லை என்றால், கொடுத்தால் முதல் பெயர் அவருடையதுதான், அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் மூன்று மாதமும் யோசித்தாராம். சால்வைச் செய்தி கேட்டதும் இனிமேல் தாங்காது என்றார். சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போனோம்.

டியூட்டியில் ஒரு சின்ன வயதுப் பெண் அதிகாரி இருந்தார். சுபேதார் பாபு என்று எழுந்து நாற்காலி போட்டார். சந்தில் தண்ணீர் நின்ற காலத்திலிருந்து ஸ்டேஷனில் அவரைத் தெரியும். அப்பா உட்காராமலே விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், மனம் சரியில்லாமல் பேசுகிறீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்றார். அப்பா அசையவில்லை. கடைசியில் அந்த அதிகாரி, தன் மேல் தானே புகார் கொடுத்தால் அதற்கு மதிப்பிருக்காது, பாதிக்கப்பட்ட வேறு யாராவது எழுதித் தர வேண்டும் என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ எழுதும்மா. உனக்கு வங்காளி நல்லா வரும். தாபஸ் பேரு வேண்டாம், அவன் பலகைதான் போட்டான். கமிட்டிக்காரங்க பேரு இருக்கட்டும். முதல்ல என் பேரு."

இத்தனை நாளும் எழுத வேண்டும் என்று நான் துடித்த காகிதம் அது. தீபங்கர் பாபுவின் பெயரை எந்த வார்த்தைகளால் எழுதுவேன் என்று படுக்கையில் ஒத்திகை பார்த்திருக்கிறேன். அதிகாரி வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். இறந்தவர் பெயர், முகவரி எழுதினேன். பொறுப்பானவர்கள் என்று போட்டு ஒன்று என்று எண்ணிட்டு, அப்பா பெயரை எழுதினேன். முகவரி என்று வந்த இடத்தில் மேலே எழுதிய அதே முகவரியை மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார் அப்பா. தமிழில் சொன்னேன். பூஜைக் கமிட்டிச் செயலாளர் முத்துகிருஷ்ணன், கவனக்குறைவால், ஆம்புலன்ஸ் வரும் வழியை அடைத்து, என்று வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கவனக்குறைவுன்னு போடாதே. ஒவ்வொரு மூட்டையும் கவனமாத்தான் வச்சேன். அதை அடிச்சிட்டு எழுது."

அடித்தேன். 'தெரிந்தே' என்று அதன் மேல் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, மகள் என்று எழுதிக் கொடுத்தேன்.